பதினான்காவது ஃபாரம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவன் கருணையால் நான் இங்கே நலம். நீயும் நலமாயிருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. அது எனக்குப் புதிதா என்ன.

இந்த முறை நீ பதில் போட்டுத்தான் ஆக வேண்டும். உன் பைண்டிங் பட்டறைக்கு ஒரு பார்சல் வரும். பிரார்த்தனை மன்ற மேடைகளில் நான் சொல்லிவரும் சாட்சி புத்தகமாகிறது. 'மலைக்குள் ஐந்து நாள்' என்று மன்றத் தலைவர் பெயர் வைத்திருக்கிறார். சுரங்கம் இடிந்தது, நான் உள்ளே கிடந்தது, பாறை பிளந்து தண்ணீர் வந்தது, ஆண்டவன் ஆட்களை அனுப்பி என்னை வெளியே எடுத்தது எல்லாம் ஃபாரத்துக்குப் பதினாறு பக்கமாக மூன்று ஃபாரத்தில் அடங்கிவிட்டது. அச்சு இங்கேயே முடிந்தது. தையலும் அட்டையும் அக்கா கையால்தான் என்று பிடிவாதம் பிடித்து உன் பட்டறைக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஆயிரம் பிரதி.

மே மாதம் பதினைந்தாம் தேதி வெளியீடு. நான் வெளியே வந்து அன்றோடு மூன்று வருடம் ஆகிறது. நீ வந்து மேடையில் என் பக்கத்தில் நிற்க வேண்டும். பேச வேண்டாம், நின்றால் போதும். அத்தானின் நல்ல போட்டோ ஒன்று இருந்தால் எடுத்து வா. அவரைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. விசாரணையில் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

பழைய கோபத்தையெல்லாம் ஆண்டவன் காலடியில் போட்டுவிடு, அக்கா.

உன் தம்பி


மார்ச் 11

தம்பிக்கு,

பார்சல் வந்தது. பைண்டிங் வேலைக்காரி மடிக்கலாம், தைக்கலாம், படிக்க மட்டும் கூடாது, படிக்க உட்கார்ந்தால் அன்றைய வேலை போச்சு என்பார் என் முதலாளி. பதினோரு வருடமாக அந்தப் பேச்சைக் கேட்டு நடந்தவள், உன் புத்தகத்துக்காக மீறினேன்.

பதினேழாம் பக்கம். "என் அக்காள் கணவர் அவசரத்தில் வில்லையை மாட்டாமல் உள்ளே நுழைந்துவிட்டார். அவரைத் திரும்ப அழைக்கவே நான் பின்னால் ஓடினேன். இடிந்த முதல் மணி நேரத்திலேயே அவர் ஆண்டவனிடம் போய்ச் சேர்ந்தார்." கீழே அடிக்குறிப்பு வேறு. உள்ளே போகிறவன் தன் எண் அடித்த பித்தளை வில்லையை வாசல் பலகையில் மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும், வில்லை தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஊருக்கெல்லாம் தெளிவாகப் புரிய வைத்திருக்கிறாய், என் புருஷன் தன் அவசரத்தால் செத்தார் என்று.

நான் வாசலில் கோணலாக விட்ட செருப்பைக் கூடக் குனிந்து நேராக்கி வைத்தவர் அவர். அவருக்கு அவசரமாம்.

சாமி விஷயம் அதைவிட வேடிக்கை. அவர் விடிகாலையில் கண்ணை மூடி உட்கார்ந்தால், "அத்தான், சாமிகிட்ட எனக்கும் ஒரு நாள் லீவு கேட்டுச் சொல்லுங்க" என்று கிண்டலடித்தவன் நீ. கும்பிட்டவர் உள்ளேயே போய்விட்டார். கிண்டலடித்தவன் வெளியே வந்து மேடையேறுகிறான். நான் இப்போது யாரையும் கும்பிடுவதில்லை. அந்தக் கணக்கு உன் ஆண்டவனுக்குப் புரிந்தால் சரி.

உன் புத்தகத்தைத் தைக்கிறேன். அதற்கு முன் நீ ஒரு புத்தகம் படிக்க வேண்டும். நூலகத்தில் கழித்துக் கட்டிய நாவல் ஒன்று பழைய தாள் மூட்டையோடு இங்கே வந்தது. அட்டை இல்லை, எழுதினவர் பெயரும் போய்விட்டது. பனி மலையில் ஒரு கல் குடிசை. நிலம் அளக்க வந்தவன் ஒருவன், சும்மா நடந்து வந்த துறவி ஒருவர். பனி சரிந்து கதவு மூடிக்கொள்கிறது. ஓநாய் வருகிறது, கதவுப் பலகையை உடைத்து எரிக்கிறார்கள், பூட்ஸ் தோலை வேகவைத்துத் தின்கிறார்கள். நடுநடுவே கடவுள் இருக்கிறாரா, இருந்தால் யார் பக்கம் என்று சண்டை. அளவைக்காரன் நம்பாதவன், துறவி நம்புகிறவர். யாரை நினைத்துப் படித்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

பதினான்கு ஃபாரம். பழைய தையலைப் பிரித்து முதல் ஒன்பதை அனுப்பியிருக்கிறேன். படித்துவிட்டு எழுது. மீதி அப்புறம். உன் ஆயிரம் பிரதி அதற்கும் அப்புறம்.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தகம் தைக்கக் கொடுத்தவனைப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறாய். சரி. அறையில் உட்கார்ந்து படித்தேன். இங்கே எனக்கு ஒரு கட்டில், ஒரு மேஜை, மன்றத்தின் மூன்று மைக் பெட்டிகள். ஒன்பது ஃபாரமும் இரண்டு நாளில் முடிந்துவிட்டது. இழுத்துக்கொண்டு போகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எழுதினவர் ஒரு வேளை கூடப் பட்டினி கிடந்தவர் இல்லை. ஓநாயோடு சண்டை போட்டுவிட்டு அளவைக்காரன் நாலு பக்கத்துக்குக் கடவுளைக் கேள்வி கேட்கிறான். நாக்கு மரக்கட்டையாகி ஒட்டிக்கொண்ட பிறகு நாலு பக்கம் எவன் பேசுவான்? ஆண்டவனே என்ற ஒரு வார்த்தையே வெளியில் வராது. 'எனக்கு முன்னால் இவரை ஏன் தேர்ந்தெடுத்தாய்' என்று கேட்கிறானே, அதுவும் தப்பு. அந்தக் கேள்வியெல்லாம் வெளியே வந்து வயிறு நிறைந்த பிறகுதான் வரும்.

எட்டாவது ஃபாரத்தில் துறவியின் கால் மேல் உத்தரம் விழுகிறது. மூன்று பக்கம் அலறுகிறார். அதைப் படித்து எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கால் நசுங்கினவர் அலற மாட்டார், அக்கா. முதல் நாள் கொஞ்சம் முனகுவார். அப்புறம் வலி எங்கேயோ போய்விடும், சின்னச் சின்ன விஷயமாகப் பேச ஆரம்பிப்பார். குழாயில் தண்ணீர் பிடித்து வைத்தாளோ இல்லையோ என்பார். பின்கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட வேண்டும் என்பார். மூன்றாம் நாள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார், நாமும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். எழுதுகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்.

துறவி தன் பங்கு ரொட்டியை அளவைக்காரனிடம் தள்ளி வைக்கிற இடம் மட்டும் சரியாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை.

மீதி ஐந்து ஃபாரத்தையும் அனுப்பு. குடிசைக்கு யாராவது வந்தார்களா இல்லையா? என் ஃபாரங்களை மடித்தாகிவிட்டதா?

உன் தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். டப்பாவைத் திறக்கவே இல்லை. கோந்துப் பாத்திரம் அடுப்பில் காய்ந்து பட்டறை முழுக்க நாற்றம். முதலாளி வந்து திட்டிவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் அந்த வருடம்தான் இறுகிப்போனது. எண்ணெய் போடுங்கள் என்று ஒரு மாதம் அவர் பிராணனை வாங்கினேன். அது உனக்குத் தெரிய வழியில்லை. நீ அப்போது தொழிலாளர் விடுதியில் இருந்தாய்.

யாருடைய கால், தம்பி? மூன்றாம் நாள் யார் கேட்டது? விசாரணை அதிகாரியிடம் நீ சொன்னது முதல் மணி நேரம். அச்சடித்து என் மேஜை மேல் ஆயிரம் தடவை கிடப்பதும் முதல் மணி நேரம். உள்ளே இருந்தது நீங்கள் இரண்டு பேர்தான்.

பத்து முதல் பதின்மூன்று வரை அனுப்பியிருக்கிறேன். அதில் அளவைக்காரன் ரொட்டியைத் தின்கிறான், துறவி இறக்கிறார், பனிக்கு மேலே காலடிச் சத்தம் கேட்கிறது. அங்கே பதின்மூன்றாவது ஃபாரம் முடிகிறது. வந்தது யார் என்பது பதினான்காவதில். அது என்னிடம் இருக்கட்டும். நீ எழுது, நான் அனுப்புகிறேன்.

அவர் என்ன கேட்டார்?

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

ஐந்து நாள் இருட்டில் கிடந்தவனுக்கு என்னென்னவோ குரல் கேட்கும். டாக்டரே சொன்னார். தாழ்ப்பாள் விஷயத்தை நீயே என்னிடம் சொல்லியிருப்பாய், மறந்திருப்பாய். ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றி எழுதினால் அதற்குள் போலீஸ்காரி மாதிரி துழாவுகிறாய்.

அத்தான் கஷ்டப்படாமல் போனார். அதை அப்படியே விட்டுவிடு. உனக்கு நல்லது என்பதற்காகத்தான் சொல்கிறேன். சில விஷயம் தெரிந்துகொண்டால் திருப்பிக் கொடுக்க முடியாது.

பதினைந்தாம் தேதிக்கு நாள் நெருங்குகிறது. புத்தகங்களைத் தைத்து அனுப்பு. முடிந்தால் அந்தக் கடைசி ஃபாரத்தையும்.

தம்பி


ஏப்ரல் 10

தம்பிக்கு,

உன் சாட்சியின் நாற்பதாம் பக்கத்தில் ஆண்டவன் ஆட்களை அனுப்பினான் என்று இருக்கிறது. அனுப்பினது நான். யாரும் உன்னிடம் சொல்லவில்லையா, சொல்லியும் மேடைக்குச் சரிப்படாது என்று விட்டுவிட்டாயா?

திங்கள் சாயங்காலம் இடிந்தது. பலகை காலி, அதனால் உள்ளே யாரும் இல்லை என்று அவர்கள் தோண்டவே இல்லை. செருப்பை வாசல் அடுக்கில் விட்டுவிட்டு பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் எல்லாரும் உள்ளே போவீர்கள்; அன்று ஓடின ஓட்டத்தில் பாதிப் பேர் பூட்ஸோடு ஓடினார்கள். ஒவ்வொருவராக வந்து செருப்பை எடுத்துப் போக, வியாழக்கிழமை மத்தியானம் நான் போனபோது அடுக்கில் இரண்டே ஜோடி. ஒன்று தாறுமாறாகக் கிடந்தது. இன்னொன்று ஒட்டி நேராக வைத்திருந்தது. நான் போட்ட சத்தத்தில்தான் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் உன்னை எடுத்தார்கள்.

ஆண்டவன் செய்ததை ஆயிரம் பிரதி போடுகிறாய். நான் செய்ததற்கு ஒரு பதில் கொடு. உன்னை எடுத்துக் கொடுத்தேன், அவரை எனக்குக் கொடு. எத்தனை நாள் இருந்தார், என்ன கேட்டார், அவ்வளவுதான்.

உண்மை வந்தால் கடைசி ஃபாரம் வரும். வராவிட்டால் உன் புத்தகமும் வராது. முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி.

அக்கா


ஏப்ரல் 21

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஆண்டவனை முன்னால் போடாமல் ஒரு கடிதம் எழுதிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது.

திங்கட்கிழமை வேலை முடிந்து எப்போதும்போல நானே இரண்டு பேர் வில்லையையும் பலகையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அவர் சாமான்களைத் துடைத்து எண்ணி வைத்துக்கொண்டிருந்தார். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைக் காணோம். நான்தான் உள்ளே வைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் கோபிக்கவில்லை. "நீ வெச்ச இடம் உனக்குத்தானே தெரியும், வா எடுத்துட்டு வந்துடலாம். வில்லையை மாட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். பலகை பத்தடி தள்ளி இருந்தது. இரண்டு நிமிட வேலை என்று நான் மாட்டவில்லை.

இடிந்து, தூசி அடங்கினதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "வில்லை மாட்டினியா?"

"மாட்டினேன், அத்தான்."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. முழங்காலுக்குக் கீழே பாறை அழுத்திக் கிடந்தவர் விட்ட மூச்சு அது. அவர் பையில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. என்னிடம் நீட்டினார். "நீ குடி. பலகையில நம்ம ரெண்டு நம்பரும் தொங்குது. இன்னிக்குள்ள வந்துடுவாங்க. நான் வெளியில போய் வயிறு முட்டக் குடிச்சுக்கறேன்."

யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே நான் குடித்தேன், அக்கா. செவ்வாயும் குடித்தேன். அவர் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். புதன்கிழமை பாட்டில் காலி. அன்றைக்குத்தான் அந்த ஒரே கேள்வி. வில்லை மாட்டினியா, மாட்டினேன். இரண்டும் என் சட்டைப் பையில் ஒன்றோடு ஒன்று உரசிச் சத்தம் போடும் என்று பயந்து கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டே பதில் சொன்னேன்.

அவர் எங்களுக்காக எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. வெளியே தோண்டுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அவர்கள் மேல் மண் சரியக் கூடாது என்று வேண்டினார். வெளியே யாரும் தோண்டவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வியாழக்கிழமை காலையில் பேச்சு நின்றது. அவர் மேல் போர்த்த எதையாவது தேடித் துழாவியபோது, துளை போடும் இயந்திரத்தின் ரப்பர் குழாய் கையில் பட்டது. அதற்குள் தண்ணீர் தேங்கியிருந்தது. பாறை பிளந்து வந்ததாக நான் சொல்லும் தண்ணீர் அதுதான். ஒரு நாள் முன்னால் துழாவியிருக்கலாம்.

வெளியே வந்ததும், அவர் யாரிடம் வேண்டிக்கொண்டிருந்தாரோ அவரிடம்தான் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. அதை மேடையாக்கினது மன்றம், ஏறினது நான்.

முதல் மணி நேரம் என்று நான் சொன்னது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். ஆனால் முழுக்க எனக்காக இல்லை. ஆஸ்பத்திரியில் மேற்பார்வையாளர் என்னிடம் சொன்னார், செவ்வாய்க்கிழமை வாசலோடு போன உன் அக்கா வியாழக்கிழமை வரை வரவேயில்லை, ஏதோ வீட்டில் சண்டையாம் என்று. அத்தான் திங்கட்கிழமையே போய்விட்டார் என்றால் அந்த மூன்று நாள் உன்னை ஒன்றும் செய்யாது என்று நினைத்தேன். அதை நான் இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

கடைசி ஃபாரத்தை அனுப்பு.

தம்பி


மே 2

தம்பிக்கு,

பதினான்காவது ஃபாரம் என்னிடம் இல்லை. மூட்டையிலிருந்து எடுத்தபோதே அந்தப் புத்தகம் பதின்மூன்றோடுதான் இருந்தது. குடிசைக்கு வந்தது ஆளா ஓநாயா என்று எனக்கும் தெரியாது. இருக்கிறது என்று பொய் சொல்லித்தான் உன்னிடம் உண்மையை வாங்கினேன். நம் குடும்பத்துக்கு இது கைவந்த வேலை போலிருக்கிறது.

நீ கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். அந்தத் திங்கட்கிழமை காலையில் சண்டை. இரண்டு தடவை என்னிடம் சொல்லாமல் சாமி மலைக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தவர் அவர். மூன்றாவது தடவையும் போகும் யோசனையில் இருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். "இந்த வீட்டைவிட சாமிதான் பெருசுன்னா அங்கேயே போய் இருங்க" என்றேன். அவர் என் செருப்பை நேராக்கி வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை நான் சுரங்க வாசல் வரை வந்தேன். "பலகை காலிம்மா, எல்லாரும் வெளியில வந்துட்டாங்க" என்றார் மேற்பார்வையாளர். செருப்பு அடுக்கு அவருக்குப் பின்னால் இருந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. மலைக்குத்தான் போயிருக்கிறார், உன்னையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டுத் திரும்பினேன். வரட்டும், கதவைத் திறக்கக் கூடாது என்று புதன்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தேன். நீ வில்லையை அமுக்கிப் பிடித்திருந்த அதே புதன்கிழமை.

மூன்று வருடமாக நான் ராத்திரி தூங்கியது உன் பொய்யால்தான். உன் கடிதம் வந்த பிறகுதான் அது தெரிந்தது. திருப்பிக் கொடுக்க முடியாது என்று நீ முன்னமே எழுதியிருந்தாய், எனக்குத்தான் புத்தி வரவில்லை. உன்னை மன்னிக்க எனக்கு வரவில்லை. என்னை மன்னிக்கவும் வரவில்லை. தோண்டாதவர்களுக்காக வேண்டிக்கொண்ட மனிதரை நினைத்தால் அவர் மேலேயே கோபம் வருகிறது. நம் இரண்டு பேரையும் இவ்வளவு நம்பியிருக்க வேண்டாம்.

உன் ஆயிரம் பிரதியில் ஒன்றை மட்டும் தைத்து இதோடு அனுப்பியிருக்கிறேன். பதினாறாம் பக்கத்துக்கும் பதினேழாம் பக்கத்துக்கும் நடுவில் உன் ஏப்ரல் 21 கடிதம் இருக்கிறது. அளவுக்கு மடித்து, நூல் தெரியாமல் தைத்திருக்கிறேன். பிரித்தால் தையலே போய்விடும். பதினைந்தாம் தேதி மேடையில் அதைக் கையில் வைத்துக்கொள். எந்தப் பக்கத்தை வாசிப்பாய் என்பது உன் பாடு, நான் வரப் போவதில்லை. மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதும் மடித்தபடி என் மேஜைக்கு அடியில் கிடக்கின்றன. அப்புறமும் தைக்கச் சொன்னால் தைக்கிறேன். நான் வேலைக்காரி.

வில்லைகள் இன்னும் உன்னிடம்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னுடையது எனக்கு வேண்டாம். அவருடையதை மட்டும் பதிவுத் தபாலில் அனுப்பு. வாசல் பக்கச் சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். இந்த வீட்டுக்குள் வருகிறவர்கள், உள்ளே ஆள் இருக்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

அக்கா